கேட்டவருக்குத் தானே கொடுக்கும் ஃபேக்ஸ்: போலிங் அமைக்க முழுமையான வழிகாட்டி

போலிங் என்றதும் நமக்கு வாக்குச்சாவடிதான் நினைவுக்கு வரும். ஃபேக்ஸ் மெஷினில் அதற்கு வேறு பொருள். விலைப்பட்டியல், விண்ணப்பப் படிவம், வழித்தட வரைபடம் என ஒரு ஆவணத்தை மெஷினின் நினைவகத்தில் ஏற்றி வைக்கிறீர்கள். தேவைப்படுபவர் தன் மெஷினிலிருந்து உங்கள் எண்ணை அழைத்து அதை இழுத்துக்கொள்கிறார். நள்ளிரவானாலும் ஞாயிறானாலும் உங்கள் பக்கத்தில் ஆள் வேண்டாம். அழைப்புக் கட்டணமும் அவருடையது.

கிளைகளிலிருந்து தினக் கணக்கு வாங்கும் தலைமை அலுவலகங்கள் இதை அதிகம் பயன்படுத்தின. கிளைகள் கடை மூடும்போது இருப்புத் தாளை ஏற்றிவிட்டுப் போகும். இரவில் தலைமை அலுவலக மெஷின் வரிசையாக ஒவ்வொரு கிளையையும் அழைத்து எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் 1990களில் ‘ஃபாக்ஸ்அப்ருஃப்’ என்ற பெயரில் இது பொதுமக்கள் சேவையாகவே இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது

இதை அறிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் கோளாறுகளைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

வழக்கமான ஃபேக்ஸில் அழைப்பவர் அனுப்புகிறார், எடுப்பவர் வாங்குகிறார். எடுக்கும் மெஷின் முதலில் 2100 ஹெர்ட்ஸ் ஒலி கொடுக்கும். பிறகு நொடிக்கு 300 பிட் வேகத்தில் தன் தகுதிகளைச் சொல்லும் டிஐஎஸ் என்ற செய்தியை அனுப்பும். அதில் 9ஆவது பிட்டுக்கு ஒரு தனி வேலை: ‘என்னிடம் அனுப்ப ஒரு ஆவணம் இருக்கிறது’ என்று அறிவிப்பது. நீங்கள் ஆவணத்தை ஏற்றியவுடன் மெஷின் அந்தப் பிட்டை 1 ஆக்கிவிடும். அழைத்தவர் போலிங் கேட்டு வந்திருந்தால் அவருடைய மெஷின் டிடிசி என்ற செய்தியால் ‘சரி, அனுப்பு’ என்கிறது. அங்கிருந்து ஓட்டம் தலைகீழாகிறது. உங்கள் மெஷின் அனுப்ப, அவருடையது அச்சிடும்.

இவை எல்லாம் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் டி.30 என்ற தரநிலையில் உள்ளவை. அதனால் சாதாரண, குறியீடு இல்லாத போலிங் வேறு வேறு கம்பெனி மெஷின்களுக்கு இடையிலும் நடக்கும். குறியீடு வைத்ததும் கதை மாறுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வாங்கும் முன், அல்லது மூலையில் கிடக்கும் மெஷினைத் துடைக்கும் முன்

விவரப் பட்டியலில் ‘போலிங்’ என்று ஒற்றைச் சொல் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். விலை குறைந்த பல மெஷின்களில் இருப்பது போலிங் பெறுதல் மட்டும். பிறர் வைத்திருப்பதை எடுக்க முடியும், நீங்கள் வைக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது போலிங் அனுப்புதல். மெனுவில் அது ‘போல்ட் டிஎக்ஸ்’, ‘போலிங் டிஎக்ஸ்’, ‘போலிங் பாக்ஸ்’, ‘ஃப்ரீ போலிங்’, ‘மெமரி போலிங்’ என்று பிராண்டுக்கு ஒரு பெயரில் இருக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஆவணம் எங்கே இருக்கும் என்பது. பழைய மெஷின்கள் சிலவற்றில் காகிதம் ஃபீடரிலேயே (தாளை உள்ளிழுக்கும் தட்டு) காத்திருக்கும். யாராவது அழைத்தால் உள்ளே ஓடி வெளியே விழும், அவ்வளவுதான். அடுத்தவருக்கு ஒன்றும் இருக்காது. கிளைக் கணக்குக்கு அது போதும். பொதுச் சேவைக்கு நினைவகத்தில் தங்கும் வகைதான் வேண்டும்.

ஆவணத்தைத் தயாரிப்பது

பெரும்பாலானோர் அவசரமாகக் கடக்கும் இடம் இது. பெறுபவர் கையில் தெளிவற்ற தாள் விழுந்தால் அவர் தொலைபேசியில் கூப்பிட்டு மீண்டும் கேட்பார். அப்புறம் போலிங் வைத்ததற்கே பொருளில்லை.

வழக்கமான ஃபேக்ஸுக்குக் கறுப்பு, வெள்ளை தவிர நிறம் கிடையாது. அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, உயரத்தில் ஸ்டாண்டர்டு தரத்தில் 3.85 கோடு, ஃபைன் தரத்தில் 7.7 கோடு. அதாவது ஸ்டாண்டர்டில் ஒரு கோட்டின் தடிமன் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆங்கில எழுத்துக்கு இது பெரும்பாலும் போதும். தமிழுக்குப் போதாது. 10 பாயின்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். ஸ்கேனர் கொஞ்சம் தள்ளிப் படித்தால் புள்ளியே காணாமல் போகும், ‘பாக்கி’ ‘பாககி’யாகும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகி, ‘பேட்டி’யும் ‘பெட்டி’யும் பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே தமிழ் ஆவணத்தை 12 பாயின்டுக்குக் குறையாமல், மெல்லிய எழுத்துரு தவிர்த்து, ஃபைன் தரத்தில் ஏற்றுங்கள். ஸ்டாண்டர்டில்தான் வைக்க வேண்டும் என்றால் 14 பாயின்ட்.

படமும் சாம்பல் பின்னணியும் வேண்டாம். காரணம் கணக்கில் இருக்கிறது. ஏ4 பக்கம் ஒன்று ஸ்டாண்டர்டில் 1728 புள்ளி அகலமும் சுமார் 1143 கோடும் கொண்டது. சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 247 கிலோபைட். நொடிக்கு 14,400 பிட் வேகத்தில் அது 137 வினாடி எடுக்கும். சாதாரண கடிதம் இதில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதற்குக் காரணம், நீண்ட வெள்ளை இடங்களை ஒரே குறியால் சொல்லிவிடலாம் என்பதுதான். சாம்பல் நிறத்தைக் காட்ட மெஷின் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப் புள்ளி தூவும். அங்கே நீண்ட வெள்ளை ஏது? சுருக்கம் தோற்றுப் போகும். ஒரு புகைப்படம் வைத்த பக்கம் பத்து எழுத்துப் பக்கங்களின் நேரத்தையும் நினைவகத்தையும் தின்றுவிடுவது இப்படித்தான். விளம்பரத்தில் ‘இத்தனை நூறு பக்க நினைவகம்’ என்று போடுவதும் எழுத்து குறைந்த மாதிரித் தாளை வைத்துத்தான்.

இன்னும் சில:

- விளிம்பில் நான்கு பக்கமும் 10 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். மேலே பெறுபவர் மெஷினும் உங்கள் மெஷினும் தலைப்புக் கோடு அச்சிட இடம் வேண்டும்.
- அட்டவணைக் கோடுகள் 1 பாயின்டுக்குக் குறைந்தால் விட்டு விட்டு வரும்.
- இளநீல முத்திரையும் பென்சில் கையெழுத்தும் மங்கிவிடும். ஒருமுறை அடர்த்தியாக ஜெராக்ஸ் எடுத்து அந்தப் பிரதியை ஏற்றுங்கள்.
- முதல் பக்கத்தின் உச்சியில் ‘பக்கம் 1 / 3’ என்பதும் தேதியும் கட்டாயம். பழைய விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வருபவரை அந்தத் தேதிதான் சமாதானப்படுத்தும்.

மூன்று நான்கு பக்கத்தோடு நிறுத்துவது நல்லது. தொடக்க உரையாடலுக்கு 15 முதல் 20 வினாடி, எழுத்துப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஃபைன் தரத்தில் அரை நிமிடம் என்று வைத்தால், நான்கு பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் லைன் பிஸி.

மெஷினில் ஏற்றுவது

முதலில் பொதுவான மூன்று அமைப்புகளை முடித்துவிடுங்கள். தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். நிலைய அடையாளத்தில் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு (இந்தியாவுக்கு +91) இடுங்கள். அதற்கு 20 இடம்தான் உண்டு. பெறும் முறையை ‘ஃபேக்ஸ் ஒன்லி’க்கு மாற்றி, மணி எண்ணிக்கையை 1 அல்லது 2 என வையுங்கள். ‘ஃபேக்ஸ்/டெல்’ முறையில் மெஷின் எதிர்முனையில் இருப்பது மனிதரா மெஷினா என்று முதலில் மோப்பம் பிடிக்கும். கையால் டயல் செய்து வருபவரை மனிதர் என்று எண்ணி, உங்கள் பக்கம் மணியடித்துக்கொண்டே இருக்கும்.

பிரதர் லேசர் ஃபேக்ஸ், எம்எஃப்சி வகைகளில் வழி இது:

1. தாள்களை ஃபீடரில் வைத்து ஃபேக்ஸ் பொத்தானை அழுத்துங்கள். ரெசல்யூஷனை ஃபைன் ஆக்குங்கள்.
2. மெனு, ஃபேக்ஸ், செட்டப் சென்ட், போல்ட் டிஎக்ஸ் என்று போங்கள். மாடலுக்கு மாடல் எண் வரிசை மாறும். பெயரைப் பார்த்துப் போவதே பாதுகாப்பு.
3. ‘ஸ்டாண்டர்டு’, ‘செக்யூர்’ என இரண்டு வரும். ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுங்கள்.
4. வேறு அமைப்பு மாற்ற வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி ஸ்டார்ட்டை அழுத்துங்கள்.

ஆவணம் நினைவகத்துக்குப் போய், நீங்களாக அழிக்கும் வரை அங்கேயே இருக்கும். அழிக்க, மெனுவில் ‘ரிமெய்னிங் ஜாப்ஸ்’ பட்டியலைத் திறந்து அந்த வேலையை நீக்க வேண்டும்.

கியோசெரா போன்ற அலுவலக ஜெராக்ஸ் மெஷின்களில் ‘டாக்குமென்ட் பாக்ஸ்’ உள்ளே ‘போலிங் பாக்ஸ்’ இருக்கும். ‘ஸ்டோர் ஃபைல்’ கொடுத்து ஸ்கேன் செய்தால் போதும். ஆனால் அதோடு எழுந்து போய்விடாதீர்கள். அமைப்புப் பக்கத்தில் அனுப்பிய பின் கோப்பை நீக்குவது பற்றிய ஒரு தேர்வு உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் முதல் ஆள் எடுத்ததும் பெட்டி காலி. ‘காலையில் வேலை செய்தது, மதியம் செய்யவில்லை’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பக்கத்திலேயே ‘ஓவர்ரைட்’ அனுமதி இருக்கும். அதே பெயரில் புதிய பட்டியலை ஏற்றும்போது பழையது தானாகப் போக அதை அனுமதிக்கலாம். வேறு பிராண்டுகளில் இதே தேர்வு ‘ஒருமுறை’, ‘வரம்பில்லை’ என்ற சொற்களில் வரும்.

லைன்: நிஜமான தொல்லை இங்கேதான்

பழைய செம்புக் கம்பி இணைப்பு இன்னும் இருந்தால் அதிர்ஷ்டம். மெஷினை நேரே சுவர்ப் பெட்டியில் மாட்டுங்கள். அதே லைனில் இணைத் தொலைபேசி வேண்டாம். நடுவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் பக்கம் பாதியில் கிழிந்ததுபோல் வரும். கால் வெயிட்டிங் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ‘பீப்’ ஒலி காதுக்கு ஒன்றுமில்லை, தரவை ஒலியாக்கி அனுப்பும் மோடத்துக்கு அது ஒரு இடி. பிராட்பேண்டும் அதே கம்பியில் வந்தால், இரண்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் ‘ஃபோன்’ துளையில் மட்டுமே ஃபேக்ஸைச் சொருக வேண்டும்.

இப்போது பல இடங்களில் வீட்டுக்கு வருவது ஃபைபர். தொலைபேசி ஒலி, ஃபைபர் வந்து சேரும் சிறு பெட்டியிலேயே தரவுப் பொட்டலங்களாக வெட்டப்பட்டு இணைய வழியில் போகிறது. பேச்சில் ஒரு பொட்டலம் தொலைந்தால் நமக்குத் தெரியாது. ஃபேக்ஸில் அது சில கோடுகளை விழுங்கிவிடும், அல்லது தொடர்பே அறுந்துபோகும். இங்கே படிப்படியாக முயல வேண்டியவை:

முதலில் சேவை நிறுவனத்திடம் டி.38 உண்டா என்று கேளுங்கள். ஃபேக்ஸை ஒலியாக அல்லாமல் தரவாகவே கொண்டுபோகும் முறை அது. உண்டு என்றால் பெட்டியில் அதை இயக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒலிக் குறிமுறை ஜி.711 ஆக இருக்கட்டும். ஜி.729 போன்ற சுருக்கும் முறைகள் பேச்சுக்காகச் செய்தவை, மோடம் ஒலி அதில் பிழைக்காது.

பிறகு மெஷினில் வேகத்தை இறக்குங்கள். சூப்பர் ஜி3 என்ற உயர்வேகம் (நொடிக்கு 33,600 பிட்) முதலில் போகட்டும், அதன்பின் 14,400. 9,600இல் நிறுத்திச் சோதியுங்கள். சில மெஷின்களில் இதற்கென்றே ‘விஓஐபி’ என்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கும்.

கடைசியாக, இசிஎம் எனப்படும் பிழைதிருத்தம். அது இயங்கும்போது மெஷின் தரவை 64 கிலோபைட் வரையிலான கட்டுகளாக அனுப்பி, சிதைந்த துண்டுகளை மட்டும் திரும்பக் கேட்கும். நல்ல லைனில் அருமை. பொட்டலம் அடிக்கடி தொலையும் லைனில் திரும்பத் திரும்பக் கேட்டே நேரம் போய்க் கடைசியில் தொடர்பு அறும். அணைத்தால் பக்கம் வந்து சேரும், ஆனால் அங்கங்கே கோடு விழும். தொலைபேசி எண்ணும் விலையும் இருக்கும் பட்டியலில் ஒரு கோடு விழுந்து 3 என்பது 8 ஆனால் வம்புதான். அதனால் வேகம் குறைத்தும் சரியாகாதபோதுதான் இதைத் தொடுங்கள். இன்னொன்று: நன்றாகச் சுருக்கும் எம்எம்ஆர் முறை இசிஎம் இருந்தால்தான் நடக்கும். இசிஎம் அணைந்தால் பழைய முறைக்கு இறங்கி, பக்கத்துக்கான நேரம் கூடும்.

எடுக்க வருபவருக்கு எழுதித் தர வேண்டியது

தோல்விகளில் பெரும்பகுதி அவர் பக்கத்தில்தான் நடக்கும், திட்டு மட்டும் உங்களுக்கு வரும். எனவே எண்ணைக் கொடுக்கும் இடத்திலெல்லாம் இந்த வரிகளையும் கொடுங்கள்:

‘உங்கள் மெஷினின் ஃபீடரில் தாள் எதுவும் வைக்காதீர்கள். மெனுவில் போலிங் பெறுதல் (போலிங் ஆர்எக்ஸ்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். குறியீடு கேட்டால் காலியாக விடுங்கள். எண்ணை அழுத்தி ஸ்டார்ட் கொடுங்கள்.’

பலர் என்ன செய்வார்கள் என்றால், சாதாரணமாக டயல் செய்து, கீச்சொலி கேட்டதும் ஸ்டார்ட்டை அழுத்துவார்கள். பல மெஷின்களில் அது போலிங் ஆகாது, வெறும் பெறுதல்தான். அவர் மெஷினும் ‘நான் வாங்கத் தயார்’ என்கிறது, உங்களுடையதும் ‘நான் தயார், என்னிடம் ஆவணமும் உண்டு’ என்கிறது. ‘அனுப்பு’ என்று யாரும் சொல்லவில்லை. தரநிலைப்படி இந்தக் காத்திருப்புக்கு ஏறக்குறைய 35 வினாடிதான் கெடு. அரை நிமிடத்துக்குச் சற்று மேல் கீச்சிட்டு லைன் அறுந்தது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அறிவிக்கும் முன் வேறொரு லைனில் உள்ள, முடிந்தால் வேறு பிராண்டு மெஷினிலிருந்து நீங்களே எடுத்துப் பாருங்கள். இரண்டு முறை எடுங்கள். முதல் முறை வந்து இரண்டாம் முறை வராவிட்டால் நீக்கும் தேர்வு இயக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

குறியீடு வைக்கலாமா?

‘செக்யூர் போலிங்’ பாதுகாப்பாக ஒலிக்கிறது. சிக்கல் என்னவென்றால், பல கம்பெனிகள் இதைத் தங்களுக்குள் மட்டும் புரியும் முறையில் செய்திருக்கின்றன. பிரதரில் செக்யூர் போலிங் இன்னொரு பிரதர் மெஷினோடு மட்டுமே நடக்கும். ரிக்கோவின் போலிங் ஐடியும் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். பொதுமக்களுக்குக் கொடுக்கும் எண்ணில் குறியீடு வைத்தால் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள்.

பிராண்டு தாண்டி வேலை செய்ய வேண்டுமென்றால் வழி எஃப்-கோடு. டி.30இல் உள்ள துணைமுகவரி, தேர்வு போலிங், கடவுச்சொல் ஆகியவற்றுக்கு ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் வைத்த பொதுப் பெயர் அது. 20 இலக்கம் வரை இடலாம். இதில் இன்னொரு லாபம்: வெவ்வேறு எண்ணுக்கு வெவ்வேறு பெட்டி. 101 என்றால் விலைப்பட்டியல், 102 என்றால் விண்ணப்பம் என ஒரே லைனில் பல ஆவணம் வைக்கலாம். கோனிகா மினோல்டாவில் இத்தகைய பெட்டியை ‘புல்லட்டின் போர்டு’ என்பார்கள். அழைப்பவர் மெஷினுக்கும் எஃப்-கோடு தெரிந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எந்தக் குறியீடு வைத்தாலும் ஆதார் நகல், மருத்துவ அறிக்கை, சம்பளப் பட்டியல் ஆகியவற்றைப் போலிங்கில் வைக்காதீர்கள். நான்கு இலக்கக் குறியீட்டில் மொத்தச் சாத்தியமே 10,000தான். அழைத்தவர் எண் என்று உங்கள் அறிக்கையில் வருவதும் அவரே தன் மெஷினில் தட்டி வைத்த எண். நாளை வேறு எண்ணைத் தட்டலாம். சுவரில் ஒட்டத் தயங்காத தாளை மட்டுமே இதில் வைக்க வேண்டும்.

குரல் மெனு வைத்த சேவை

‘1ஐ அழுத்தினால் படிவம்’ என்று பேசும் சேவை போலிங்கின் ஒன்றுவிட்ட தம்பி. அங்கே அழைப்பவர் எண்ணைத் தேர்ந்தெடுத்த பின் தன் மெஷினில் ஸ்டார்ட் அழுத்துவார், உங்கள் கணினி சாதாரணமாக அனுப்பும். போலிங் மெனு தெரியாதவருக்கும் இது வரும். ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளில் குரல் மெனுவை அமைத்து, ‘சென்ட்ஃபேக்ஸ்’ கட்டளையில் டிஃப் வகைப் படக் கோப்பைக் கொடுத்தால் இது நடக்கும். பிடிஎஃப்பை அங்குலத்துக்கு 204க்கு 196 புள்ளித் தெளிவில் கறுப்பு-வெள்ளை டிஃப் ஆக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் போதும். அழைத்தவரிடம் எண் வாங்கி, பிறகு நீங்களே கூப்பிட்டு அனுப்பும் வகையும் உண்டு. அதில் கட்டணம் உங்கள் தலையில். யாரோ தவறாகத் தட்டிய வீட்டு எண்ணுக்கு நள்ளிரவில் உங்கள் மெஷின் மூன்று முறை கீச்சிடும் ஆபத்தும் உண்டு.

கரண்ட் போனால்

சிறிய மெஷின்களில் நினைவகம் மின்சாரம் இருக்கும் வரைதான், அல்லது உள்ளிருக்கும் பேட்டரி தாங்கும் வரைதான். நீண்ட மின்தடைக்குப் பிறகு 9ஆவது பிட் சத்தமில்லாமல் 0 ஆகியிருக்கும். மெஷின் அழைப்பை எடுக்கும், ஆனால் கொடுக்க ஒன்றும் இருக்காது. எடுக்க வந்தவருக்கு ‘எதிர்முனையில் ஆவணம் இல்லை’ என்ற வகைப் பிழை வரும்.

யுபிஎஸ் வைக்கலாம். ஆனால் லேசர் மெஷினை 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டினால், அச்சிடும்போது மையைத் தாளில் ஒட்டச் சூடாகும் ஃபியூசர் இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் படுத்துவிடும். போலிங்கில் அனுப்ப ஃபியூசர் தேவையே இல்லை. அதைத் தட்டியெழுப்புவது பெரும்பாலும் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் அச்சாகும் அறிக்கைதான். அதை ‘பிழை வந்தால் மட்டும்’ என்று மாற்றி, மொத்தப் பட்டியலை வாரம் ஒருமுறை கையால் அச்சிடுங்கள். மின்தடையின்போது வரும் ஃபேக்ஸ் அச்சாகாமல் நினைவகத்தில் சேரும் அமைப்பையும் இயக்கி வையுங்கள். அதே நினைவகத்தில்தான் உங்கள் போலிங் ஆவணமும் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க விளம்பர ஃபேக்ஸ் வந்து குவிந்தால் நினைவகம் நிரம்பி, மறுநாள் புதிய பட்டியலை ஏற்ற இடமிருக்காது.

வாரப் பட்டியலில் போலிங் அனுப்பல்கள் தனிக் குறியோடு இருக்கும். ஒரே எண் அடுத்தடுத்து மூன்று முறை வந்து, பக்க எண்ணிக்கை 0 அல்லது 1 என்று நின்றிருந்தால் அவருக்கு வேகம் ஒத்துப்போகவில்லை. அவருக்குச் சாதாரண முறையில் நீங்களே ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, அடுத்த வாரமும் அதே எண் தடுமாறுகிறதா என்று பாருங்கள். வேறு வேறு எண்கள் தடுமாறினால் கோளாறு உங்கள் லைனில். திரும்ப 9,600இலிருந்து தொடங்குங்கள்.